தும்பையும் மார்த்தாண்டம் தேனும்

வீட்டுப் பின்னால தும்பையைப் பிடுங்காம விட்டு வெச்சிருக்கேன். (பாம்பு வரும்னு திட்டு தனி.) காரணம் பழைய கதை.

நம்ம சின்னத் தேனீக்கு ஏத்த பெட்டியைத் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் செஞ்சார். 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச், மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மூலமா தேனீ வளர்ப்பைப் பரப்பினார். பின்னாடி ரப்பர் தோட்டங்கள் பெருகின. ரப்பர் இலைக்காம்பில் சுரக்கிற இனிப்புதான் அங்கே தேன். ஆனா அதுல மகரந்தம் கிடையாதே! புழுவை வளர்க்க தென்னம்பாளைக்கும் வேலியோரப் பூவுக்கும்தான் தேனீ போகணும். அதைத்தான் 'களை'ன்னு செதுக்கினோம்.

1991-92ல் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து பெரும்பாலான கூடுகள் காலி. தாத்தாவோட பெட்டிகள்ல ஒண்ணுகூட மிஞ்சல. தும்பை இருந்திருந்தா வைரஸ் நின்னிருக்கும்னு கதை விடமாட்டேன். தப்பிச்ச கூட்டம் தேறி வர பூ வேணுமில்லையா?

இன்னிக்குக் காலைல தும்பையில ஏழு தேனீ எண்ணினேன். தாத்தா பெட்டியைப் பரண்லேர்ந்து இறக்கணும்.