ஒருபக்கக் கேள்வி

மாமாவின் அலுமாரியில் ஒரு பழைய மோடம் கிடக்கிறது. 2002 சமாதான காலத்துக்குப் பிறகு வாங்கினது. ரெலிபோன் வயரைச் செருகி, அது கீச்சிட்டு முடியும்வரை பொறுத்தால்தான் இன்ரநெற் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு, அழைத்தவர் தான் யாரெண்டு நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபிப்புக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1992 ஒக்ரோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1334 என்ற ஆவணம் இதற்கு இரண்டு வழிகளைச் சொன்னது. முதலாவது பாப்: பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே வயரில் போகும். இரண்டாவது சாப்: எதிர்முனை ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும். அழைத்தவர் அதையும் தன் இரகசியச் சொல்லையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் அனுப்புவார். எதிர்முனையும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தினால் உள்ளே விடும். இரகசியம் வயரில் போவதே இல்லை. இணைப்பின் நடுவிலும் கேள்வி திரும்ப வரலாம்.

அந்த 1992இல் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. 1990இல் தொடங்கிய யுத்தத்தோடு இரண்டும் போய்விட்டன.

சாப் முறையில் இரண்டு ரவுட்டர்களும் ஒன்றையொன்று கேள்வி கேட்கலாம். ஆனால் இணைப்புக் கொடுக்கிற நிறுவனம் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளருக்குத் தன்னை நிரூபித்துக்கொண்டிருக்காது. அதனால் சிஸ்கோ ரவுட்டரில் ஒரு வழி வைத்தார்கள். அழைக்கிற பக்கத்தில், கட்டளையின் கடைசியில் 'கோல்இன்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். தான் அழைக்கும்போது அந்த ரவுட்டர் எதிர்க்கேள்வி கேட்காது. வசதிதான். ஆனால் மறுமுனையில் பேசுவது உண்மையில் யாரெண்டு அதுக்குத் தெரியாது.

இதை வாசித்தபோது எனக்கு ரவுட்டர் ஞாபகம் வரேல்ல, சென்றிதான் வந்தது. 1990களின் முதற்பாதியில் குடாநாட்டை விட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் வேணும். 1996க்குப் பிறகு ஆமியின் பாஸ். சென்றியில் சைக்கிளை விட்டிறங்கி ஐசியை நீட்ட வேணும். அடுத்த சந்தியில் திரும்பவும் அதே கேள்வி. சுற்றிவளைப்பு நடந்தால் எல்லாரும் வரிசையில் முகத்தைக் காட்ட வேணும். எதிரில் முகத்தை மூடிக்கொண்டு ஒரு 'தலையாட்டி' இருப்பார். அவர் தலையாட்டினால் ஆளைக் கொண்டு போவார்கள். வந்தவர்கள் யார், எந்த முகாம், எங்கே கொண்டு போகிறார்கள் எண்டு கேட்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் இண்டைக்கும் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

ரவுட்டரில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் சரியாக அமைத்தால் இரண்டு பக்கமும் கேள்வி கேட்கும். இங்கே அப்படி அழிக்க ஒரு சொல்லும் இருக்கேல்ல.

அம்மம்மா இப்பவும் பக்கத்துக் கோயிலுக்குப் போனாலும் ஐசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போவா. இப்ப ஆர் கேக்கினம் எண்டு நான் பகிடி பண்ணுவன். அவ சிரிக்கிறேல்ல.