சுவரில்லா ஆஸ்பத்திரி

"நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் வருகிற சந்தோஷம், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் பாதியாகிவிடும். கட்டு யார் மாற்றுவது? பழைய மாத்திரைகளில் எதை நிறுத்துவது? ராத்திரியில் மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடுவது?

இதெல்லாம் ஆஸ்பத்திரியின் கவலைதான் என்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒருவர் முடிவெடுத்தார். நாட்பட்ட நோயாளிகளுக்கான இல்லமாக 1884இல் தொடங்கியது மான்டிஃபியோர் ஆஸ்பத்திரி. அங்கே படுத்தவர்கள் சுலபத்தில் எழுவதில்லை, கட்டில் காலியாவதில்லை. அதன் இயக்குநர் ஈ. எம். புளூஸ்டோன் 1947இல் நோயாளிகள் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்; பேரேட்டிலிருந்து மட்டும் பெயரை அடிக்கவில்லை. வீட்டு நிலைமையைச் சமூகப் பணியாளர் முன்பே விசாரித்துவிடுவார். பிறகு கட்டில் போகும், மருந்து போகும், டாக்டரும் நர்ஸும் போவார்கள். வீட்டுவேலைக்குக்கூட ஆள் உண்டு. (எனக்குப் பிடித்தது இதுதான். நோயாளி வீட்டு அடுப்பைப் பற்றி எந்த ஆஸ்பத்திரி யோசிக்கிறது?) உடம்பு மோசமானால் மறுபடி வார்டு. மார்ட்டின் செர்காஸ்கி என்ற டாக்டர் பொறுப்பேற்று நடத்திய இந்தத் திட்டம், 'சுவரில்லா ஆஸ்பத்திரி' என்று பேசப்பட்டது.

ஆஸ்பத்திரியையும் வீட்டையும் கட்டிய இந்த இழையை அறுத்தது மருத்துவமல்ல, பில். 1965இல் அமெரிக்க முதியோருக்காக வந்த மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு ஆஸ்பத்திரிக்கும் பணம் தந்தது, பராமரிப்பு இல்லத்துக்கும் தந்தது, வீட்டுக்கு வரும் நர்ஸுக்கும் தந்தது, எல்லாம் தனித்தனியாக. 1983இல் சட்டம் மாறி, இன்ன நோய்க்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குத் தொகை நிர்ணயித்தார்கள். பத்து நாள் படுத்தாலும் ஐந்து நாள் படுத்தாலும் ஏறக்குறைய அதே பணம். பிறகென்ன, சீக்கிரம் அனுப்பினால் லாபம்! அனுப்பியவர் என்ன ஆனார் என்பது யார் கணக்கிலும் வரவில்லை.

2009இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கணக்கைப் போட்டது. டிஸ்சார்ஜ் ஆன மெடிகேர் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மீண்டும் அட்மிட். அறுவை சிகிச்சை இல்லாமல் வீடு போய் அப்படித் திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு, இடையில் ஒரு டாக்டரைப் பார்த்ததற்கான பில்லே இல்லை.

மறுவருடம் வந்த ஒரு சட்டம் வேறு வழியைத் திறந்தது. ஆஸ்பத்திரியும் டாக்டர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து, தங்கள் நோயாளிகளின் மொத்தச் செலவுக்கும் தரத்துக்கும் பொறுப்பேற்கலாம். மிச்சமானால் அதில் பங்கு. எந்தப் பராமரிப்பு இல்லம் ஆளைத் தேற்றுகிறது, எது ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கவேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது.

2012 ஜனவரியில் முன்னோடிகளாக இறங்கியவை 32 அணிகள். அவற்றில் ஒன்று, பிராங்க்ஸின் மான்டிஃபியோர்.