ஏவுதலும் எழுதலும்: அறிவியல் புனைகதைகளில் விண்கலம் மண்ணை விட்டு நீங்கும் வரலாறு

விண்வெளிப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட புனைகதைகளில் கலம் ஒரு கோளின் தரையை விட்டு நீங்கும் இடம் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். ஆயினும் ஆசிரியர் ஒருவர் எடை, விசை, மனித உடல் ஆகியவை பற்றிக் கொண்டிருந்த கருத்துகள் அனைத்தும் அந்தப் பக்கங்களிலேயே வெளிப்படுகின்றன. தமிழில் பெயர்ப்போர்க்கு அவ்விடத்தில் முதலில் கைக்கு வரும் சொல் 'ஏவு' என்பது. ஏவுகணை, ஏவுதளம், ஏவூர்தி எனக் கலைச்சொல்லாக்கத்திலும் இவ்வினை நிலைபெற்றுவிட்டது. ஆனால் நானூறு ஆண்டுக்காலப் புனைகதை மரபில் கலங்கள் யாவும் ஏவப்பட்டனவல்ல. சில சுடப்பட்டன; சில சுமந்து செல்லப்பட்டன; சில தாமே எழுந்தன; ஒன்று மலையேறுவது போல் ஏறியது. இவ்வேறுபாடுகளை ஒரே வினையால் சமன் செய்வது மூலத்தின் இயற்பியலையே மாற்றிவிடும்.

'ஏவு' என்பதன் பொருட்பரப்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஆணையிடுதல், செலுத்துதல், அம்பு முதலியவற்றை எய்தல் என்னும் மூன்று பொருள்களும் அதில் உண்டு. இலக்கணத்தார் 'ஏவல்' என்றதும், வேலையாளை 'ஏவலாள்' என்றதும் முதற்பொருள் பற்றியன. மூன்றிலும் பொதுவாக நிற்பது ஒன்றுண்டு. ஏவுபவன் வெளியே நிற்கிறான். ஏவப்படுவதற்குத் தன்விருப்பம் இல்லை. புறநானூற்றின் 27ஆம் பாடல் வானூர்தியைக் குறிக்குமிடத்து இவ்வினையை எதிர்மறையில் ஆள்கிறது; ஓட்டுபவன் செலுத்தாமலே செல்லும் ஊர்தி என்பது அங்குப் பெறப்படும் பொருள். செலுத்துபவன் தேவைப்படாமையே அவ்வூர்தியின் சிறப்பு. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியோ இதற்கு நேர்மாறானது. உள்ளிருப்பவள் திருகை ஒருபுறம் திருப்பினால் மேலெழும். மறுபுறம் திருப்பினால் தாழும். இவை அறிவியல் புனைகதைகள் அல்ல. அவற்றில் விமான நுட்பத்தைத் தேடுவது வீண்முயற்சி. ஆனால் எழுதலைக் குறிக்கத் தமிழில் ஒரு வினை மட்டுமே இருந்ததில்லை என்பதற்கு அவை போதிய சான்று.

வெடிமருந்தும் பறவைகளும்

இயற்பியல் அறிந்த ஒருவர் எழுதிய முதல் நிலாப் பயணக்கதை யோகான்னசு கெப்ளரின் 'சோம்னியம்'. 'கனவு' எனப் பொருள்படும் இந்த இலத்தீன் நூலின் மூலவடிவம் 1609 அளவில் எழுதப்பட்டது. அவர் இறந்தபின் 1634இல் அச்சேறியது. கதை சிறிது, அதற்கு அவரே எழுதிய குறிப்புகள் கதையினும் நீண்டவை. இக்கதையில் மனிதரை நிலவுக்குக் கொண்டு செல்பவை ஆவிகள். இருப்பினும், புறப்படும் கணத்தைக் கெப்ளர் விளக்கும் முறை வியப்பளிப்பது. தொடக்க அதிர்ச்சியே மிகக் கொடியது. வெடிமருந்தால் எறியப்பட்டவன் போலப் பயணி தூக்கியெறியப்படுகிறான். ஆதலால் அவனை முன்னரே மயக்க மருந்தால் உறங்க வைக்க வேண்டும். உறுப்புகள் பிய்ந்து போகாதவாறு விசை உடலெங்கும் பரவும்படி அவனைக் கிடத்த வேண்டும். பின்னர் காற்றின்மைக்காக மூக்கில் ஈரப் பஞ்சு வைக்கப்படுகிறது. ஆவிகளை நம்பச் சொல்லும் கதை, உடலின் எடையையும் நிலைமத்தையும் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கெப்ளரின் தாயார் 1615 முதல் 1621 வரை சூனியக் குற்றச்சாட்டுக்கு ஆளானார். கதைநாயகனின் தாய் ஆவிகளோடு பேசுபவளாகப் படைக்கப்பட்டிருந்தமையால், கையெழுத்துப் படி பலர் கைக்குச் சென்றது அத்துன்பத்துக்குத் துணைசெய்ததென்று கெப்ளரே கருதினார்.

1638இல் வெளிவந்த பிரான்சிசு காட்வினின் ஆங்கிலக் கதையில் இத்தகைய துன்பம் ஏதும் இல்லை. பழக்கப்பட்ட பறவைக் கூட்டம் ஒன்று நாயகனைச் சட்டகத்தோடு தூக்கிச் செல்கிறது. 'சுமந்து சென்றன' என்பதே அங்குப் பொருந்தும். பிரெஞ்சு எழுத்தாளர் சிரானோ த பெர்செராக்கின் நூல் 1657இல் அவர் மறைவுக்குப்பின் வந்தது. அதன் நாயகன் முதலில் பனிநீர் நிரப்பிய குப்பிகளை உடலிற் கட்டிக்கொள்கிறான். வெயில் பனியை ஈர்க்க, அவனும் எழுகிறான். பின்னர் அவன் செய்த பொறியில் படைவீரர்கள் வாணங்களை அடுக்கடுக்காகக் கட்டிக் கொளுத்துகின்றனர். ஓரடுக்கு எரிந்து தீர்ந்ததும் அடுத்த அடுக்கு பற்றுகிறது. இதனைப் பல்நிலை ராக்கெட்டின் முன்னோடி எனப் பலர் பாராட்டுவர். எனினும் வாணங்கள் தீர்ந்து பொறி கீழே விழுந்த பின்னரும் நாயகன் மேலேயே செல்கிறான். காயத்துக்காக அவன் பூசியிருந்த மாட்டு எலும்பின் கொழுப்பை நிலா உறிஞ்சுகிறதாம்! முன்னோடி என்று போற்றுவோர் இக்கொழுப்பையும் சேர்த்தே படித்தல் நலம்.

வெர்னின் பீரங்கி

கணக்கிட்டு எழுதும் முறையை இத்துறையில் நிறுவியவர் சூல் வெர்ன். அவரது 'புவியிலிருந்து நிலவுக்கு' 1865இல் வெளிவந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வேலையற்றுப்போன பீரங்கி வல்லுநர் கழகம் ஒன்று, நிலவை நோக்கிச் சுடத் தீர்மானிக்கிறது. புளோரிடாவில் மண்ணுக்குள் செங்குத்தாக 900 அடி நீளப் பீரங்கி வார்க்கப்படுகிறது. அதனுள் 4,00,000 பவுண்டு வெடிப்பஞ்சு. அலுமினியக் குண்டினுள் மூவர். நொடிக்கு 12,000 கெசம், அதாவது ஏறக்குறைய 11 கி.மீ. என வெர்ன் கொண்ட வேகம், புவியின் விடுபடு வேகமாகிய 11.2 கி.மீ.க்கு மிக நெருங்கியது.

பிழை வேகத்தில் இல்லை. குழலின் நீளத்தில் உள்ளது. 900 அடி என்பது சுமார் 274 மீட்டர். அத்தொலைவுக்குள் அவ்வேகத்தை எட்டுவதாயின் குண்டு பெறும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேலாகும். அந்நிலையில் பயணிகள் குண்டின் அடித்தகட்டில் ஒட்டிய படலமாகிவிடுவர். வெர்ன் இதனை அறியாதவர் அல்லர். குண்டின் அடியில் நீரும் உடையும் தடுப்புகளும் வைத்து அதிர்ச்சியைத் தணிக்க முயல்கிறார். அது போதாது. கெப்ளர் தம் பயணிக்குக் கொடுத்த மயக்க மருந்துக்கும் வெர்ன் கொடுத்த நீர்மெத்தைக்கும் இடையே 231 ஆண்டுகள், கேள்வி ஒன்றே.

மொழியியலார்க்கு இந்நூலில் மற்றொரு செய்தி உண்டு. சுடும் அதிகாரத்தின் தலைப்பு 'சுடு' எனும் பொருள்தரும் பிரெஞ்சுப் படைக்கட்டளைச் சொல். நேரம் இரவு 10 மணி 46 நிமிடம் 40 நொடி. பொறியாளர் மர்ச்சிசன் கடிகாரத்தை நோக்கி நொடிகளை உரக்கக் கூறுகிறார்; முப்பத்தைந்து, முப்பத்தாறு என ஏறுமுகமாக எண்ணி நாற்பதில் மின்விசையை அழுத்துகிறார். 'பீரங்கி' என்ற சொல்லே ஐரோப்பியரைக் குறித்த பெயரின் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்ததென்பர். வெர்னின் எழுதலைத் தமிழாக்குவோர் 'சுட்டனர்' என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. 'விண்ணில் செலுத்தினர்' என்னும் செய்தித்தாள் வழக்கு அங்கே நுழைந்தால், பீரங்கியாளரை எள்ளும் ஆசிரியரின் நகை மறைந்துவிடும்.

எடையை நீக்குதல்

எச். ஜி. வெல்சு 1901இல் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை, இல்லாமற் செய்தார். அவரது 'நிலவில் முதல் மனிதர்' நாவலில் காவர் என்னும் அறிஞர் ஈர்ப்பு விசையை மறைக்கும் பொருளொன்றைச் செய்கிறார். கண்ணாடிக் கோளம், அதன்மேல் அப்பொருள் பூசிய சுருள்தட்டிகள். எல்லாத் தட்டிகளையும் மூடினால் எடை இல்லை. நிலவின் பக்கத்துத் தட்டியைத் திறந்தால் நிலா இழுக்கிறது. சிறியதோர் அதிர்வுக்குப் பின் பயணிகள் மிதக்கின்றனர். வெடிப்பு இல்லை, எண்ணிக்கை இல்லை, ஏவுபவன் இல்லை. தாம் இயற்பியலைப் பயன்படுத்த, வெல்சு இல்லாத பொருளைக் கற்பிக்கிறார் என்று வெர்ன் குறைகூறியது பலரும் அறிந்ததே. குறையில் நியாயம் உண்டு. ஆயினும் தம் பயணிகளை உயிரோடு அனுப்பியவர் வெல்சுதான் என்பதும் மறுக்கவியலாதது.

இங்கு 'ஏவப்பட்டது' என எழுதுவது பிழை. தன்வினையாகிய 'எழுந்தது' பொருந்தும். இயற்பியல்படிச் சொன்னால், கோளம் நிலவை நோக்கி 'விழுந்தது' என்பதே சரி. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' முதலிய திரைப்படங்களில் கலங்கள் தரையிலிருந்து ஓசையோடு மிதந்தெழ, உள்ளிருப்போர் நின்றபடி சொல்லாடுவது வெல்சின் வழியே. ஒருவர் கையிலுள்ள குவளைகூடச் சிந்துவதில்லை.

1966இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர் வேறு வழியை நாடியது. காரணம் இயற்பியல் அன்று, பணம். ஒவ்வொரு வாரமும் பெருங்கலம் ஒரு கோளில் இறங்கி எழுவதைப் படமாக்கும் செலவைத் தவிர்க்கவே, மனிதரை ஒளிக்கற்றையாக்கி இடம்மாற்றும் பொறி புகுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் ஒளிக்கற்றையைக் குறிக்கும் பெயர்ச்சொல் இதனால் மனிதரைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் வினையாயிற்று. தமிழில் 'கடத்து' என்பது மின்சாரத்துக்குப் பொருந்தும். மனிதரைக் 'கடத்தினர்' என்றாலோ வாசகர் காவல்துறையை நினைப்பர்.

இறங்கும் எண்கள்

ராக்கெட்டை இப்புனைவுகளுக்குள் உறுதியாகக் கொணர்ந்தவர் அறிவியலறிஞரே. ரசியாவின் கான்சுதாந்தின் சியல்கோவ்சுகி 1903இல் எதிர்வினைப் பொறிகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 'புவிக்கு வெளியே' என்னும் அவரது கதை 1918இல் இதழில் வரத்தொடங்கி 1920இல் நூலாயிற்று. கதை தொடங்குவது இமயமலையில், நியூட்டன், கலிலியோ முதலிய பெயர்கள் தாங்கிய பன்னாட்டு அறிஞர் வாழும் மாளிகையொன்றில். பயணிகள் எழும் வேளையில் நீர்மத்தில் மூழ்கிக் கிடக்கின்றனர். வெர்ன் குண்டின் அடியில் வைத்த நீர் இங்கு உடலைச் சூழ்ந்துவிட்டது. விசையும் ஒரே அடியாக அன்றிச் சில நிமிடங்களுக்குப் பரவுகிறது. பீரங்கிக்கும் ராக்கெட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இக்கால நீட்சியில் அடங்கும்.

பிரிட்சு லாங் இயக்கித் தேயா ஃபான் ஹார்பூ எழுதிய 'நிலவில் பெண்' என்னும் செருமானியத் திரைப்படம் 1929 அக்டோபரில் பெர்லினில் திரையிடப்பட்டது. ராக்கெட் அறிஞர் எர்மன் ஓபர்த் அதற்கு ஆலோசகர். பல்நிலை ராக்கெட், அதைச் செங்குத்தாக நகர்த்திச் செல்லுதல், படுக்கைகளில் பயணியர் கிடத்தல் எனப் பிற்காலத்து நடைமுறைகள் பல அதில் உள்ளன. மேலும், எண்கள் அங்கு இறங்குமுகமாக வருகின்றன. மௌனப்படமாதலால் அவை ஒலிக்கவில்லை. திரையில் எழுத்தாகத் தோன்றின. ஏறுமுகமாக எண்ணினால் எந்த எண்ணில் கலம் கிளம்பும் என்று பார்வையாளர்க்குத் தெரியாது. சுழியை நோக்கி இறங்கினால் யாவர்க்கும் தெரியும். மர்ச்சிசனின் நாற்பதுக்கும் லாங்கின் சுழிக்கும் உள்ள வேறுபாடு கதைசொல்லலின் தேவையால் எழுந்தது. இந்தக் கற்பனை அமைதியான துறைக்கு மட்டும் பயன்படவில்லை. 1942 அக்டோபர் 3ஆம் நாள் பீனமுண்டேயிலிருந்து வெற்றிகரமாக எழுந்த வி-2 ஏவுகணையின் அடிப்பகுதியில் இத்திரைப்படத்தின் சின்னம் தீட்டப்பட்டிருந்தது. தமிழில் ராக்கெட்டுக்கும் படைக்கலத்துக்கும் 'ஏவு' பொதுவாயிருப்பதைக் குறைகூறுவோர் இவ்வரலாற்றையும் கருத வேண்டும். ஆங்கிலத்தில் இன்று வழங்கும் வினையும் ஈட்டி எறிதலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததே.

மெய்யாகவே முதலில் விண்ணுக்குச் சென்ற யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12ஆம் நாள் சொன்ன சொல் படைக்கட்டளை அன்று. ஊர்தியில் செல்வதைக் குறிக்கும் அன்றாட ரசிய வினையின் இறந்தகாலப் பன்மை வடிவம் அது. 'புறப்படுவோம்' என்னும் குறிப்பினது. நிகழவிருப்பதை இறந்தகாலத்தால் கூறும் இவ்வழக்குத் தமிழர்க்குப் புதிதன்று. உண்டுகொண்டிருப்பவனை அழைத்தால் எழுந்திராமலே 'இதோ வந்துவிட்டேன்' என்பான். நன்னூல் காலவழுவமைதியுள் அடக்கும் இம்மரபு, அச்சொல்லைத் தமிழாக்குவோர்க்கு வழி காட்டும். அறிவிப்பாளர் 'ஏவப்பட்டது' என்க; உள்ளிருப்பவன் 'கிளம்பியாயிற்று' என்பான்.

அண்மைக்கால நாவல்களில் உடலின் துன்பம் மீண்டும் இடம்பெறுகிறது. சேம்சு எசு. ஏ. கோரி என்னும் புனைபெயரில் இருவர் எழுதி 2011இல் தொடங்கிய 'எக்சுபான்சு' வரிசையில் கடும் முடுக்கத்தின்போது பயணியர்க்கு மருந்து ஏற்றப்படுகிறது. அது பெரும்பாலும் கோளை விட்டெழும் வேளையில் அன்று, வெளியில் விரையும் வேளையில். ஆயினும் கெப்ளரின் மயக்க மருந்தை அது நினைவூட்டாமற் போகாது.

ஏறுதல்

சுடாமலும் எடையை மறைக்காமலும் விண்ணை அடையும் மூன்றாம் வழி, ஏறுதல். புவியின் சுழற்சியோடு ஒத்து நிற்கும் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்திலிருந்து தரைவரை கயிறு இறக்கி, அதன்வழி ஊர்தியை ஏற்றும் கருத்தை யூரி அர்த்சுதானோவ் 1960இல் வெளியிட்டார். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979இல் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் நாவலில் அதனைக் கதையாக்கினார். நடுக்கோட்டில் கயிறு இறங்க வேண்டியிருந்தமையால் இலங்கையைத் தெற்கே 800 கி.மீ. நகர்த்தி, 'தப்ரோபனே' என்னும் பழங்கிரேக்கப் பெயரும் இட்டார். கயிறு இறங்கும் மலையின் உச்சியில் துறவியர் மடம். அடியவர் நூற்றாண்டுகளாகப் படிப்படியாக ஏறிய இடத்தில் இனி எந்திரம் ஏறும். துறவியர் இசைவார்களா என்பதே கதையின் முதல் முடிச்சு. ஆதலால் இங்கு 'ஏறு' என்பதன்றி வேறு வினை கதையைத் தாங்காது. படியேறும் அடியவர்க்கும் கயிறேறும் ஊர்திக்கும் ஒரே வினை வரும்போதே முரண் புலப்படும்.

இதனைத் தமிழாக்குவோர்க்கு ஓர் இடர் காத்திருக்கிறது. மலைக்குக் கிளார்க் இட்ட பெயர் 'சிறீ கந்த'. அதன் மூலப்படிவம் சிங்களவர் சிறீபாத என்றும் தமிழர் சிவனொளிபாதமலை என்றும் வழங்கும் மலை. சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. தமிழ் எழுத்தில் அப்பெயரை அப்படியே பெயர்த்து எழுதினால், படிப்பவர் கேட்பது மலையை அன்று, முருகனை.