குருவியிடம் பாதி, குரங்கிடம் பாதி

நாங்கள் குரங்குக்குக் கிட்டவா, குருவிக்குக் கிட்டவா? கேள்வியே பகிடியாக இருக்கும். உடம்பைப் பார்த்தால் குரங்குதான், சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சு என்று வந்தால் விடை அவ்வளவு லேசில்லை. அந்த விடையைத் தேடிய கதையில் இரண்டு பக்கமும் ஒரே ஆள் வருகிறார்: இங்கிலாந்தில் பிறந்த பீட்டர் மார்லர்.

முதலில் குருவி. 1957இல் கலிபோர்னியாவின் பேர்க்லிக்குப் போன மார்லர், தலையில் வெள்ளைக் கோடுகள் உள்ள வெண்முடிச் சிட்டுகளைக் கவனித்தார். யாழ்ப்பாணத்துத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் வேறுபடுகிற மாதிரி, சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இடத்துக்கு இடம் அவற்றின் பாட்டு மாறியது. இது பிறப்பில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா? மார்லரும் மிவாகோ தமுராவும் குஞ்சுகளைத் தனியே வளர்த்துப் பார்த்தார்கள். வேறு இடத்துப் பாட்டை ஒலிப்பதிவில் கேட்ட குஞ்சு அதையே பழகியது. ஒன்றுமே கேட்காத குஞ்சு, வளர்ந்தும் ஒழுங்காகப் பாடவில்லை. 1964இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. பழகுவதற்குக் காலக்கெடுவும் இருந்தது: ஏறக்குறைய 10ஆம் நாளில் இருந்து 50ஆம் நாள் வரை.

இனிக் குரங்கு. கென்யாவின் அம்போசெலியில் வாழும் வேர்வெட் குரங்குகள் சிறுத்தை, கழுகு, பாம்பு மூன்றுக்கும் வெவ்வேறு எச்சரிக்கைச் சத்தம் போடும் என்று தோமஸ் ஸ்ட்ரூசேக்கர் 1967இல் எழுதியிருந்தார். அது வெறும் பயக் கத்தலா, அர்த்தம் உள்ளதா? றொபேர்ட் செய்ஃபார்த்தும் டொறத்தி செனியும், மார்லரோடு சேர்ந்து, ஒலிபெருக்கியை ஒளித்து வைத்துச் சோதித்தார்கள். விலங்கு எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் சிறுத்தை எச்சரிக்கைக்குக் குரங்குகள் மரத்தில் ஏறின. கழுகு எச்சரிக்கைக்கு மேலே பார்த்தன அல்லது பற்றைக்குள் ஓடின. பாம்பு எச்சரிக்கைக்கு நிலத்தைப் பார்த்தன. 1980இல் இது வெளியானது. குட்டிகள் ஆபத்தில்லாத பறவைக்கும், விழுகிற இலைக்கும்கூடக் கழுகு எச்சரிக்கை போடும். வளர வளரச் சரியாகும். ஆனால் சத்தம் மட்டும் பெரும்பாலும் பிறப்போடு வருவது. குருவி மாதிரிப் புதுச் சத்தம் பழகாது.

ஆக, சத்தத்தைக் கேட்டுப் பழகும் திறமை குருவியிடம். சத்தத்தால் ஒரு பொருளைச் சுட்டும் திறமை குரங்கிடம். மனிதப் பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்திருக்கிறது. கிட்டின சொந்தக்காரரிடம்தான் எல்லாம் இருக்கும் என்ற நினைப்பு இங்கே உடைகிறது.

தமிழ் எங்கட ரத்தத்தில் ஊறினது என்று மேடைகளில் சொல்லுவார்கள். ஆனால் ஒஸ்லோவில் தமிழ்த் தாய்க்குப் பிறந்த பிள்ளை நோர்வே மொழியை மட்டும் கேட்டு வளர்ந்தால், அதைத்தான் கதைக்கும். இந்த விசயத்தில் நாங்கள் குருவியின் பக்கம். ரத்தத்தை நம்பி இருக்கேலாது. பிள்ளையின் காதில் விழுகிற மாதிரி வீட்டில் கதைக்க வேணும்.