துறைமுகக் கூலிகளின் பதிவேடு

பேசின் பாலத்துக்கு வடமேற்கே விரிந்து கிடக்கும் வியாசர்பாடியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வேலைக்குப் புறப்பட்டவர்களுக்கு இரண்டு பெரிய வாயில்கள் இருந்தன: ஒன்று பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் வாயில், மற்றொன்று சென்னைத் துறைமுகத்தின் வாயில். ஆலைக்குள் நுழைந்தவருக்குப் பெயரும் பிரிவும் வருகைப் பதிவேட்டில் ஒரு வரியும் இருந்தன. கூலி எவ்வளவு, எத்தனை நாள் வராமல் போனார் என்பதற்கெல்லாம் எழுத்துச் சான்று இருந்தது. துறைமுகத்தில் கப்பலுக்குள் இறங்கிச் சரக்கு ஏற்றி இறக்கியவருக்கோ அப்படி எதுவும் கிடையாது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தொழிலின் இயல்பிலேயே இருந்தது. கப்பல்கள் ஒரே சீராக வருவதில்லை. ஒரு வாரம் ஆள் போதாமல் போகும், மறுவாரம் நூற்றுக்கணக்கானோர் வேலையின்றித் திரும்புவர். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரர்களாகிய ஸ்டீவடோர்கள் இந்த ஏற்ற இறக்கத்தின் சுமையைத் தாங்கள் ஏற்காமல் மேஸ்திரிகளிடம் தள்ளிவிட்டனர். மேஸ்திரி வாயிலில் கூடியவர்களுள் தமக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி, 'கேங்' எனப்பட்ட குழுக்களாகச் சேர்த்து அனுப்பினார். யார் எத்தனை நாள் உழைத்தார், யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற தகவல் முழுவதும் அவருடைய நினைவில் மட்டுமே இருந்ததால், அந்த நினைவே அவருடைய அதிகாரமாயிற்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் காயமுற்றவருக்கு உரிமை அளித்தபோதிலும், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கப்பலில் தாம் வேலை செய்ததை மெய்ப்பிக்க இயலாதவருக்கு அந்த உரிமையால் பயன் இல்லை.

ஜே. எச். விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், 1931இல் வெளியான தன் அறிக்கையில், துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து வேலையைச் சீராகப் பகிர வேண்டும் என்று பரிந்துரைத்தது. லிவர்பூல் துறைமுகத்தில் 1912இலேயே இத்தகைய பதிவு முறை தொடங்கப்பட்டு, பதிவு பெற்றவர்களுக்கு எண் பொறித்த உலோக வில்லைகள் வழங்கப்பட்டிருந்தன. இந்தியாவில் இதற்கு வழி திறந்தது 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டமே. அதன்கீழ் 1952இல் சென்னைக்கான திட்டம் வகுக்கப்பட்டது. அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் என்னும் முத்தரப்பும் இடம்பெற்ற துறைமுகத் தொழிலாளர் வாரியம் அதை நடத்தியது.

வாரியம் உருவாக்கிய பதிவேடு, இன்று ஒரு நிறுவனம் நம்பகமான தரவுத்தளத்திடம் எதிர்பார்க்கும் பண்புகளைக் கணினி வருமுன்பே காகிதத்தில் கொண்டிருந்தது. தொழிலாளர்கள் வேலை வகைப்படி பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையும் வருகை அட்டையும் தரப்பட்டன. ஒரே முதலாளியிடம் மாதச் சம்பளம் பெறுவோர் வேறாகவும், எந்த முதலாளிக்கும் முறைவைத்து அனுப்பப்படும் பொதுத் தொகுப்பினர் வேறாகவும் எழுதப்பட்டனர். பதிவிலிருந்து நீங்கியவர் அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி, செல்லாத பெயர் ஏட்டில் தங்கி இன்னொருவருக்குக் கைமாறுவதைத் தடுக்கும் நோக்கம் கொண்டது. தொழிலாளிக்குப் பணிப் பதிவு இருந்தது போலவே முதலாளிக்கும் ஒரு பதிவுத்தாள் வைக்கப்பட்டது. ஆள் எடுப்பவரும் கணக்கில் வர வேண்டும் என்ற இந்த ஏற்பாடே திட்டத்தின் மிகத் துணிவான பகுதி; ஏனெனில் பதிவு பெறாத ஒருவரைப் பதிவு பெற்ற முதலாளி வேலைக்கு எடுப்பது இதன்பின் சட்டமீறலாயிற்று.

அந்த ஏட்டுக்கு நம்பகத்தன்மை அளித்தது எழுத்தரின் நேர்த்தி மட்டுமன்று. வேலைக்கான முறை, வேலை இல்லாத நாளில் ஆஜரானதற்கான படி, மாதத்துக்குக் குறைந்தபட்ச நாட்களின் கூலி ஆகிய அனைத்தும் அந்தப் பதிவையே சார்ந்திருந்தமையால், தவறான ஒரு வரி ஒரு குடும்பத்தின் வருவாயை உடனே பாதித்தது. அதைக் கண்டு கேட்கும் உரிமையோடு தொழிலாளர் தரப்பு வாரியத்திலேயே அமர்ந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக 1947ஆம் ஆண்டின் ஆலை வேலைநிறுத்தத்தை நடத்தி, 1957இல் வடசென்னையிலிருந்து மக்களவைக்குச் சென்ற எஸ். சி. சி. அந்தோணிப்பிள்ளை துறைமுகச் சங்கங்களிலும் தலைமை வகித்தார் என்பது, ஆலை வாயிலில் வளர்ந்த தொழிற்சங்க அனுபவம் துறைமுகத்துக்கும் பயன்பட்டதைக் காட்டுகிறது.

ஆயினும் ஏடு எல்லாரையும் தழுவவில்லை. எந்தப் பதிவேடும் ஓர் எல்லைக்கோட்டை வரைகிறது. கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குப் பழைய வாயில் பழைய வாயிலாகவே நீடித்தது. அவர்களுள் ஒரு பகுதியினரைப் 'பட்டியல் தொழிலாளர்' என்று தனியே எழுதும் திட்டம் பின்னர் வந்தது. அவர்கள் பெற்ற பாதுகாப்போ பதிவு பெற்றவர்களுடையதைவிடக் குறைவானது.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டபின், மூட்டை மூட்டையாகச் சரக்கு தூக்கிய பெருங்குழுக்களின் தேவை சுருங்கலாயிற்று. 1997ஆம் ஆண்டின் சட்டம் வாரியங்களைத் துறைமுகப் பொறுப்புக் கழகங்களோடு இணைக்க வழிசெய்தது. சென்னை வாரியம் 2001இல் இணைந்தது. இணைப்பின்போது தொழிலாளர்களின் ஊதியமும் பணி நிபந்தனைகளும் மாறாமல் தொடர வேண்டும் என்று அச்சட்டம் விதித்ததால், எவருடைய பணிக்காலம் எந்த நாளில் தொடங்கியது என்ற கேள்விக்கு வாரியத்தின் பணிப் பதிவுகளே விடையளிக்க வேண்டியிருந்தது.