சைக்கிள் படமும் நிலாப் படமும்

இஸ்ரோ ராக்கெட் ஏவும் நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். பின் கேரியரில் ராக்கெட்டின் கூம்பு. பக்கத்தில் இன்னொருவர் நடந்து வருகிறார். கீழே, “1963இல் இந்தியாவின் முதல் ராக்கெட் சைக்கிளில் போன காட்சி” என்று யாராவது எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரியில் இரண்டு பிழை. படம் எடுத்தது 1966இல். சைக்கிளில் இருப்பதும் முழு ராக்கெட் இல்லை, முனைக்கூம்பு மட்டும்தான்.

எடுத்தவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1948இல் காந்தியின் கடைசி நாட்களையும் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்த அதே ஆள். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா கடற்கரைக்கு அவர் வந்தபோது ராக்கெட் நிலையத்துக்கு வயது மூன்று. புனித மரிய மக்தலேனாள் தேவாலயம்தான் அலுவலகமும் பட்டறையும். வண்டி வசதி குறைவு என்பதால் சின்னச் சின்னப் பாகங்கள் சைக்கிளில் போய்வந்தன. படத்தில் இருப்பவர்கள் சி. ஆர். சத்யா என்ற இளம் பொறியாளரும், வேலப்பன் நாயர் என்ற கருவித் தொழில்நுட்பரும் என்று பின்னால் அடையாளம் சொல்லப்பட்டது. பகிர்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது அந்தப் பெயர்கள் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

இன்னொரு படமும் இதே மாதிரி. மாட்டு வண்டியில் ஒரு செயற்கைக்கோள். அது ஆப்பிள், 1981 ஜூன் 19 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போன இந்தியாவின் முதல் பரிசோதனைத் தகவல் தொடர்புக் கோள். திட்ட இயக்குநர் ஆர். எம். வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரான தமிழர். கோள் உருவானது பெங்களூரு பீன்யாவின் தொழிற்பேட்டைக் கொட்டகையில். பார்த்தவுடன், “பாவம், லாரிக்குக் காசில்லை” என்றுதான் தோன்றும். விஷயம் வேறு. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் உலோகம் இருந்தால் ரேடியோ அலைகள் அதில் பட்டுத் திரும்பி அளவைக் கெடுத்துவிடும். திறந்தவெளிக்குக் கொண்டுபோக வேண்டும்; அதுவும் உலோக உடம்பு இல்லாத மேடையில். மரத்தால் ஆன மாட்டு வண்டி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஏழ்மையின் சின்னமாக நாற்பது வருடமாக உலகம் பார்த்துவரும் படம், உண்மையில் ஒரு பொறியாளரின் சமயோசிதம். 2014இல் நியூயார்க் டைம்ஸ், விண்வெளி நாடுகளின் சங்கக் கதவைத் தட்டும் விவசாயியையும் மாட்டையும் கேலிச்சித்திரமாகப் போட்டுப் பிறகு மன்னிப்பும் கேட்டது. அந்த மாடு இந்த வண்டி மாட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தமாக இருக்கும்.

அதே 2014 செப்டம்பர் 24. மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்த அன்று பெங்களூரில் எடுத்த படம் உலகம் சுற்றியது: பட்டுப்புடவை, தலையில் பூ, கட்டிப்பிடித்துச் சிரிக்கும் பெண்கள். “இவர்கள்தான் செவ்வாய்க்குப் போன விஞ்ஞானிகள்” என்று எல்லாரும் கொண்டாடினார்கள். அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கம் சொன்னது. அந்தத் திட்டத்தில் பெண் விஞ்ஞானிகள் நிறையப் பேர் உழைத்தார்கள் என்பதும் உண்மை. அந்தப் படத்தில் இருந்தவர்கள் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று படத்துக்கும் ஒரே வியாதி. படம் ஊரெல்லாம் ஓடுகிறது. எப்போது, எங்கே, யார், எதற்காக என்ற விவரம் மட்டும் கூட வருவதில்லை. ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருப்பதே அந்த விவரத்தைப் படத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கத்தான்.

அதை நம் பக்கத்தில் நூறு வருடத்துக்கு முன்பே ஒழுங்காகச் செய்த இடம் கொடைக்கானல். 1792இல் தொடங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தின் தொடர்ச்சியாக 1899இல் மலைமேல் எழுந்த சூரிய ஆய்வகம் அது; முதல் இயக்குநர் சார்லஸ் மிச்சி ஸ்மித். 1904 முதல் தொலைநோக்கி வழியே சூரியனை அன்றாடம் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். மேகம் இல்லாத காலையில் கண்ணாடித் தட்டின்மேல் சுமார் 20 செ.மீ. விட்டத்தில் சூரியன் விழும். கரும்புள்ளிகள் மையில் குத்தியதுபோல் தெரியும். தட்டில் தேதியும் நேரமும் பதியும். மறுநாள் இன்னொரு தட்டு. அடுத்த சில வருடங்களில் கால்சியம் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் படங்கள் சேர்ந்தன. இந்த ஆய்வகத்தில்தான் ஜான் எவர்ஷெட், 1909இல் கரும்புள்ளிக்குள் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். இரண்டு உலகப்போர், விடுதலை, எத்தனையோ மழைக்காலம். தட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. இன்று இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அவற்றை டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 கலத்தில் 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிப்போன முக்கியக் கருவியைச் செய்துகொடுத்ததும் அதே நிறுவனம்தான். பாட்டன் கொடைக்கானலில் கண்ணாடியில் எழுதிய கணக்கைப் பேரன் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தொடர்கிறான்.

சேர்த்துவைத்தால் மட்டும் போதாது, திறந்துவைக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதிக்கொண்ட நாடு அமெரிக்கா. 1958இல் நாசாவை உருவாக்கிய சட்டம், செய்வதையும் கண்டதையும் முடிந்தவரை பரவலாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசு ஊழியர் எடுத்த படத்துக்கு அங்கே பதிப்புரிமையும் கிடையாது. ஆம்ஸ்ட்ராங் எடுத்த ஆல்ட்ரின் படத்தை நம்மூர் நோட்டுப் புத்தக அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தும்பா சைக்கிள் படத்தை அச்சிட வெளிநாட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். வேடிக்கையான நிலைமை.

அதற்காக அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் பொத்திப் பாதுகாத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பல்லோ 11 நேரடி ஒளிபரப்பின் மூல நாடாக்களை, வேறு வேலைக்கு வேண்டும் என்று அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள். 2009இல்தான் அதை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் 1966, 67இல் நிலாவைச் சுற்றிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்களின் நாடாக்களும் குப்பைக்குப் போக இருந்தன. நான்சி எவான்ஸ் என்ற காப்பாளர் சம்மதிக்கவில்லை. அவற்றைப் படிக்கும் ராட்சத இயந்திரங்களைத் தன் வீட்டு வண்டிக் கொட்டகையில் பல வருடம் போட்டு வைத்திருந்தார். கடைசியில் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில், மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றில் ஒரு சின்னக் குழு அந்த இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓடவிட்டது. 1966 ஆகஸ்டில் நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி தெரிந்த படம், 2008இல் முதல்முறையாக முழுத் தெளிவோடு வெளிவந்தது. பர்கர் விற்ற இடம் வரலாற்றைக் காப்பாற்றியது.

நம் பக்கம் பெங்களூருக்கு வெளியே பியாலாலு கிராமத்தில் 32 மீட்டர் அகல ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிற்கிறது. 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பிய சந்திரயான்-1க்காக எழுப்பியது. அதே வளாகத்தில்தான் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம். நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் நம் கலங்கள் அனுப்பிய படங்கள் இங்கேதான் வந்து அடைந்தன. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்த முதல் கலம், 2009 ஆகஸ்டு கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டது. ஆனால் அதில் போன நாசா கருவி சேர்த்த தரவு பொதுக் காப்பகத்தில் இருந்தது. அதை வைத்து 2018இல் வேறு ஆய்வாளர்கள் நிலாவின் துருவங்களில் பனி இருப்பதற்கு நேரடி ஆதாரம் காட்டினார்கள். கலம் ஊமையாகி ஒன்பது வருடம் கழித்து.

இந்தக் கதையின் உச்சம் சென்னையில் நடந்தது.

2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கும்போது தொடர்பு அறுந்தது. மறுநாளே, நம் ஆர்பிட்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டது, வெப்பப் படம் எடுத்திருக்கிறது என்று இஸ்ரோ தலைவர் கே. சிவன் சொன்னார். அந்தப் படம் மட்டும் வெளியே வரவில்லை. செப்டம்பர் 17 அன்று நாசாவின் எல்ஆர்ஓ கலம் அந்தப் பகுதியைத் தாண்டும்போது படமெடுத்தது. 26ஆம் தேதி அதை இணையத்தில் போட்டுவிட்டார்கள். நிலாவில் பொழுது சாயும் நேரம் அது. எங்கும் நீண்ட நிழல்கள். அவர்கள் குழுவுக்கே விக்ரம் கண்ணில் படவில்லை.

சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியனுக்கு விண்வெளி தொழில் அல்ல. அந்தப் பெரிய படத்தை இறக்கிக்கொண்டார். அதே இடத்தின் பழைய படத்தையும் எடுத்தார். இரண்டு மடிக்கணினியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் பழையது, மற்றதில் புதியது என்று துருவிப் பார்க்க ஆரம்பித்தார். பள்ளம், பாறை, நிழல், மறுபடி பள்ளம். ஓரிடத்தில் பழைய படத்தில் இல்லாத ஒரு வெளிச்சப் பொட்டு. அக்டோபர் தொடக்கத்தில் நாசாவுக்கு மின்னஞ்சல் எழுதினார்.

நாசா அதை ஒதுக்கவில்லை. அக்டோபரிலும் நவம்பர் 11 அன்றும், வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் எடுத்த படங்களை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக் குழு அலசியது. டிசம்பர் 2 அன்று விவரம் வெளிவந்தது. முக்கிய மோதல் இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கில் அவர் சொன்ன துண்டு. பெரிய துண்டுகள் என்று சொன்னவையே படத்தில் இரண்டுக்கு இரண்டு பிக்சல்தான். நிழல் ஒரு பிக்சல். சிதறல்களைப் பச்சைப் புள்ளியாலும் கலைந்த மண்ணை நீலப் புள்ளியாலும் குறித்துவிட்டு, அவர் கண்டுபிடித்த துண்டுக்குப் பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்கள். நாசாவின் நிலா வரைபடத்தில் சண்முகத்துக்கு ஒரு எழுத்து!

எங்கள் ஆர்பிட்டர் முன்பே கண்டுபிடித்துவிட்டது என்று இஸ்ரோ மறுபடி சொன்னது. பொய்யாக இருக்கக் காரணம் இல்லை. சந்திரயான்-2இல் கால் மீட்டர் அளவுப் பொருளையும் பிரித்துக் காட்டும் கேமரா இருக்கிறது. ஆனால் காட்டாத படத்தில் யாரும் எதையும் தேட முடியாது. நம் நாட்டுக் கலத்தின் சிதறலை நம் ஊர்க்காரர் அடுத்த வீட்டுக்காரன் ஆல்பத்தைப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெருமைக்கு நடுவே உறுத்துகிற இடம் இது.

அந்த உறுத்தல் இஸ்ரோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மங்கள்யானின் முதல் வருடத் தரவை 2016 செப்டம்பரிலேயே பொதுவில் வைத்திருந்தார்கள். சந்திரயான்-2இன் முதல் தொகுதி 2020 டிசம்பர் 24 அன்று இஸ்ரோவின் ‘பிரதான்’ இணையத் தளத்துக்கு வந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று, வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 இறங்கியபோது நடைமுறையே மாறியிருந்தது. இறங்கு கேமராவின் படங்கள் உடனுக்குடன் வந்தன. பிரக்யான் வண்டி தன் லேண்டரை (அதன் பெயரும் விக்ரம்தான்) எடுத்த படம் ஆகஸ்டு 30 அன்றே வந்துவிட்டது. சரியாக ஒரு வருடம் கழித்து, முதல் தேசிய விண்வெளி நாளில், அறிவியல் தரவும் திறந்துவிடப்பட்டது.

குறை இல்லாமல் இல்லை. பதிவு செய்து உள்ளே போக வேண்டும், கோப்புகள் ஆய்வாளர்களுக்கான வடிவத்தில் இருக்கின்றன, விளக்கமெல்லாம் ஆங்கிலம். தும்பா, பீன்யா, ஸ்ரீஹரிகோட்டா காலத்துப் புகைப்படங்களை, தேதியும் இடமும் நிற்கிறவர்களின் பெயரும் சேர்த்து, யாரும் தேடி எடுத்துக்கொள்ளும்படி ஒரே இடத்தில் வைக்க வேண்டிய வேலையும் பாக்கி இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலை பார்த்த வெல்டர், டிரைவர், சமையல்காரர், மீனவக் குடும்பத்துப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தால்தான் பெயர்கள் கிடைக்கும்.

அதுவரை, திறந்திருப்பதைப் பார்க்க, கர்நாடகத்தில் மாதேஸ்வர மலைக்குப் போகும் வழியில் ஹனூரில் இருக்கிற பள்ளிக்கூட ஆசிரியருக்கும் இன்று ஒரு கணினியும் இணைய இணைப்பும் போதும். நாசாவின் எல்ஆர்ஓ படத்தொகுப்பில் தென் அட்சம் 70.881, கிழக்குத் தீர்க்கம் 22.784 என்று தட்டிப் பாருங்கள். சந்திரயான்-2இன் விக்ரம் மோதிய இடம் வரும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.