சிக்லுஃபியோர்துர்: ஒற்றை மீனை நம்பிய வடக்குக் கடலோர ஊர்

சிக்லுஃபியோர்துர், ஐஸ்லாந்தின் வட கடற்கரையில், த்ரோட்லாஸ்காகி தீபகற்பத்தின் நுனியருகே, மலைகள் சூழ்ந்த சிறு குடாவில் அமைந்த மீன்பிடி ஊர். ஆர்க்டிக் வட்டம் இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. இன்று ஏறத்தாழ 1,200 பேர் வாழும் இவ்வூரில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 3,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். ஹெர்ரிங் மீன் வந்ததால் ஊர் வளர்ந்தது, அது போனதால் ஊர் தேய்ந்தது என்று இதன் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் போதாது. மீனை எப்படிப் பிடிப்பது, என்னவாக விற்பது, எந்த அளவில் நிறுத்துவது என்று கரையில் எடுக்கப்பட்ட முடிவுகளே இவ்வூரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பெரிதும் காரணமாயின.

மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்ரிங், கோடைதோறும் இரைதேடி இக்கடலுக்கு வருவது புதிதல்ல. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரார் சுறாவைப் பிடித்து அதன் ஈரல் எண்ணெயையே பெரிதும் விற்றனர். 1903இல் நார்வேக்காரர்கள் வலை, பீப்பாய், உப்பு, முதலீடு, வெளிநாட்டுச் சந்தைத் தொடர்பு ஆகியவற்றோடு வந்தபின்தான் ஹெர்ரிங் செல்வமாயிற்று. 1918இல் ஊர் நகர உரிமை பெற்றது. 1930இல் அரசே இங்கு ஹெர்ரிங் ஆலை தொடங்கியது. உச்சகாலத்தில் 23 உப்பிடும் களங்களும் எண்ணெயும் மீன்தூளும் எடுக்கும் 5 ஆலைகளும் இயங்கின. சில ஆண்டுகளில் ஐஸ்லாந்தின் ஏற்றுமதி வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் ஹெர்ரிங்கிலிருந்தே வந்தது.

அந்த வருமானத்தின் பெரும்பகுதி பெண்களின் உழைப்பில் பிறந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கோடையில் வந்த இளம்பெண்கள் களத்துக்கு மேலுள்ள மாடிகளில் தங்கினர். படகு கரை சேர்ந்ததும், இரவானாலும் பகலானாலும், மீன் தீரும்வரை வேலை நிற்காது. குட்டைக் கத்தியால் செவுளையும் குடலையும் நீக்கி, பீப்பாய்க்குள் தலைகுனிந்து, அடியிலிருந்து மீனை வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் உப்பிட வேண்டும். பீப்பாய் நிறைந்தால் ஓர் உலோக வில்லை கிடைக்கும். அதை அவர்கள் காலணிக்குள் போட்டுக்கொள்வார்கள். கூலி அந்த வில்லைகளின் எண்ணிக்கைப்படி. சொந்தக் கையில் காசு பார்த்த ஒரு பெண் தலைமுறை இந்தக் களங்களில் உருவானது.

1960களின் இறுதியில் மீன் மறைந்தது. கடல் குளிர்ந்து மீன் விலகிப் போனதே காரணம், மனிதரைக் குறைசொல்வது பொருந்தாது என்பார் உண்டு. அந்தப் பத்தாண்டில் ஐஸ்லாந்துக்கு வடக்கே கடல் குளிர்ந்ததும் மீன்கூட்டம் தடம் மாறியதும் உண்மை. ஆனால், தடம் மாறுவது வேறு, அற்றுப்போவது வேறு. சோனார் கருவியும் பெரும் சுருக்குமடி வலையை இயந்திரத்தால் இழுக்கும் முறையும் வந்தபின், மீன் எங்கு ஒதுங்கினாலும் தப்பவில்லை. எவ்வளவு வந்தாலும் அரைக்கும் ஆலைகள் காத்திருந்தன. நார்வேக் கரையில் இளங்குஞ்சுகளும் அள்ளப்பட்டன. பிடிப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிறகு அதே மீனினம் மெல்ல மீண்டு, 1990களில் மீண்டும் பெருகியது என்பது, மிகையாகப் பிடித்ததே பெரிய காரணம் என்பதற்கு வலுவான சான்று. மீன் மீண்டபோதும் சிக்லுஃபியோர்துரின் பழைய வாழ்வு மீளவில்லை. அதற்குள் களங்கள் மூடப்பட்டு, ஆட்களும் கலைந்துவிட்டிருந்தனர்.

எஞ்சிய ஊரைக் காத்ததும் கரையின் முடிவுகளே. 1967 வரை குளிர்காலத்தில் பனி மூடினால் தரைவழி அடைபடும். அவ்வாண்டில் திறந்த ஸ்த்ராகர் சுரங்கப்பாதை மேற்கு வழியைத் திறந்தது. 2010இல் மொத்தம் சுமார் 11 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு சுரங்கங்கள் ஹேதின்ஸ்ஃபியோர்துர் வழியே அண்டை ஊரான ஓலாஃப்ஸ்ஃபியோர்துரை இணைத்தன. 62 கிலோமீட்டர் மலைவழி ஏறத்தாழ 15 கிலோமீட்டராகக் குறைந்தது. சில ஆயிரம் பேருக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் 2006இல் ஒரே நகராட்சியாக இணைந்த இரண்டு ஊர்களும் நிர்வாகத்தையும் சேவைகளையும் பகிர்ந்துகொள்ளச் சாலை வேண்டும். ஓலாஃப்ஸ்ஃபியோர்துரில் 2010இல் தொடங்கிய மேல்நிலைப் பள்ளிக்கு இவ்வூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வர முடிவது அந்தச் சாலையால்தான். பிள்ளைகள் படிக்க ஊரைவிட்டுப் போனால் குடும்பங்களும் பின்தொடரும் என்பதால், அந்தச் செலவை வீண் என்று தள்ள முடியாது.

1907இல் கட்டிய பழைய உப்பிடும் களக் கட்டடத்தில் 1994இல் திறந்த ஹெர்ரிங் அருங்காட்சியகம், 2004இல் ஐரோப்பாவின் சிறந்த தொழில் அருங்காட்சியகத்துக்கான மிக்கெலெட்டி விருதைப் பெற்றது. அது இழந்த மீனுக்கு ஈடாகாது. ஆனால், அந்தக் காலத்தின் உழைப்பையும் பேராசையையும் ஒருசேரக் காட்டுகிறது. ஒற்றை மீனை நம்பி வாழும் எந்தக் கடற்கரை ஊருக்கும் இதில் பாடம் உண்டு: பிடிப்புக்கு வரம்பை மீன் இருக்கும்போதே வகுக்க வேண்டும், மாற்றுவழியை வருமானம் இருக்கும்போதே அமைக்க வேண்டும்.